மல்டிபிளேயர் ஷூட்டர் மேப்புல ஒளிஞ்சிருக்குற ஈஸ்டர் எக் எல்லாம்: அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

ஷூட்டர் கேம்ல மேப்னா ஓடிப் புடிச்சு சுடுறதுக்கு ஒரு இடம், அவ்ளோதான்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. ஆனா அதே மேப்புல ஒரு செவுத்து மேல, யாரும் எட்டிப் பாக்காத ஒரு பழைய ஃபோன்ல, கடல்ல மெதக்குற ஒரு மிதவைக்குக் கீழன்னு, அந்த மேப்ப செஞ்சவங்க நமக்காக எதையாவது விட்டுட்டுப் போயிருப்பாங்க. அதத் தேடுறது எனக்கு ஜெயிக்கிறத விடப் பிடிச்ச விஷயம். இதப் பத்தி திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களுக்குப் பதில எல்லாம் ஒரே எடத்துல எழுதிட்டேன். ஸ்பாய்லர் நெறைய இருக்கு, தானா கண்டுபிடிக்கணும்னு ஆச இருக்குறவங்க பேட்டில்ஃபீல்ட் 4, நியூக்டவுன், வார்சோன் பதில் எல்லாம் தாண்டிப் போயிடுங்க.

ஈஸ்டர் எக், சீக்ரெட், கிளிட்ச் எல்லாம் ஒண்ணுதானா?

இல்ல. செஞ்சவங்க வேணும்னே, ஆட்டத்துக்குத் தேவையே இல்லாம ஒளிச்சு வச்சது ஈஸ்டர் எக். ஆட்டத்துக்கு உதவுற மாதிரி ஒளிச்சு வச்சது சீக்ரெட், மறைவான ரூம்ல நல்ல துப்பாக்கி இருக்குற மாதிரி. அவங்களுக்கே தெரியாம மேப்புல விழுந்த ஓட்டை கிளிட்ச். மூணாவதுல போய் நின்னுக்கிட்டு "நான் சீக்ரெட் கண்டுபிடிச்சுட்டேன்"னு சொல்றதுதான் பிரச்சனை, அது கீழ தனியா வருது.

இது முதல்ல எங்க ஆரம்பிச்சது?

எல்லாரும் சொல்றது அட்டாரி 2600ல 1980ல வந்த அட்வென்ச்சர். அது ஷூட்டர் கெடையாது, ஆனா கதை முக்கியம். அப்போ அட்டாரி கேம் செஞ்சவங்க பேர வெளிய போடாது, அதனால அத எழுதுன வாரன் ராபினெட், பின்னணியோட அதே சாம்பல் கலர்ல ஒரே ஒரு புள்ளிய ஒளிச்சு வச்சு, அதக் கண்டுபிடிச்சு சரியான எடத்துக்குத் தூக்கிட்டுப் போனா தெறக்குற ஒரு ரூம்ல தன் பேர எழுதிட்டாரு. கம்பெனிக்கே தெரியாது. ஒரு பையன் லெட்டர் போட்டப்பதான் தெரிஞ்சது, அதுக்குள்ள அவரு வேலைய விட்டே போயாச்சு. திருப்பி சிப் அடிச்சா செலவுன்னு அப்படியே விட்டாங்க, அங்க இருந்த ஸ்டீவ் ரைட்தான் இதுக்கு ஈஸ்டர் எக்னு பேரும் வச்சு இனிமே இத நாமளே வைப்போம்னாரு. அதுக்கு முன்னாடியே, 1977ல வந்த ஸ்டார்ஷிப் 1 ஆர்கேட் மெஷின்லயும் ஒண்ணு இருந்தது, ஆனா அது வெளிய தெரிஞ்சது 2017லதான், 40 வருஷம் கழிச்சு!

ஷூட்டர்னு பாத்தா 1994ல வந்த டூம் 2 கடைசி மேப். அங்க ஒரு பெரிய பிசாசு முகம் செவுத்துல இருக்கும், அதுக்குப் பின்னாடி கம்புல குத்தி வச்ச ஜான் ரொமேரோவோட தலை, அந்த கேம செஞ்சவங்கள்ல ஒருத்தர். மேப் ஆரம்பத்துல கேக்குற கரகரப்பான குரல தலைகீழா ஓட்டுனா "ஜெயிக்கணும்னா என்னைக் கொல்லணும், ஜான் ரொமேரோ"ன்னு வரும்.

சிங்கிள் பிளேயர்ல இருக்குறதுக்கும் மல்டிபிளேயர் மேப்புல இருக்குறதுக்கும் பெரிய வித்தியாசம் என்ன?

தனியா ஆடும்போது நேரம் உன் கையில, ஒரு செவுத்த அரை மணி நேரம் தட்டிப் பாக்கலாம். மல்டிபிளேயர்ல நீ செவுத்தப் பாத்துட்டு நிக்கிற அந்த 3 செகண்ட்ல எவனாவது பின்னாடி வந்து முடிச்சிடுவான். அதனால இங்க சீக்ரெட்னாலே கூட இருக்குறவங்க சம்மதம் வேணும், சில சமயம் எதிர் டீமோட சம்மதமும் வேணும். 32 பேர் இந்தப் பக்கம் 32 பேர் அந்தப் பக்கம் சுட்டுக்கிட்டு இருந்த சர்வர்ல யாரோ ஒருத்தர் சாட்ல "சுடாதீங்க, எல்லாரும் மிதவைக்கு வாங்க"ன்னு போட, கொஞ்சம் கொஞ்சமா படகு எல்லாம் வந்து சேர, எதிரியும் நானும் பக்கத்துப் பக்கத்துல மெதந்துக்கிட்டு எதையோ எதிர்பார்த்து நிக்கிறோம் பாருங்க, அந்த மாதிரி ஒரு நிமிஷம் வேற எந்த வகை கேம்லயும் எனக்குக் கெடச்சது இல்ல. மேப் செய்றவங்க துப்பாக்கியக் கையில குடுத்துட்டு, சுடாம இருக்குறதுக்கு ஒரு காரணமும் சேத்துக் குடுக்குறாங்க. மல்டிபிளேயர் ஈஸ்டர் எக்கோட அழகே அங்கதான் இருக்குங்கிறது என் கருத்து.

மிதவைன்னு சொன்னீங்களே, பேட்டில்ஃபீல்ட் 4 மெகலடான் நெஜமாவே இருக்கா?

இருக்கு. 2014ல வந்த நேவல் ஸ்ட்ரைக் டிஎல்சில (கேம் வந்ததுக்கு அப்புறம் தனியா வர்ற கூடுதல் மேப் தொகுப்பு) நான்ஷா ஸ்ட்ரைக்னு ஒரு கடல் மேப். அதோட ஓரத்துல ஒரு மிதவை இருக்கும், அதச் சுத்தி சுமார் 10 பேர் ஒண்ணா சேரணும். சேந்தா தண்ணிக்கு அடியில இருந்து ஒரு ராட்சச சுறா எகிறிக் குதிச்சு எல்லாரையும் சாப்ட்டுட்டு உள்ள போயிடும். அவ்ளோதான், பாயிண்ட் கெடையாது, மெடல் கெடையாது. ஆனா அந்த சீரிஸ்ல ராட்சச மிருகம் ஒண்ணு எங்கயோ ஒளிஞ்சிருக்குன்னு ஆடுறவங்க ரொம்ப நாளா தேடிட்டு இருந்ததால, அது வெளிய வந்த வீடியோ வந்தப்போ பெரிய கொண்டாட்டமே நடந்துச்சு. தனியா எவ்ளோ நேரம் நின்னாலும் வராது, கூட்டம் சேக்கணும்.

அதே கேம்ல ஃபேண்டம் ரூம், மினுக்குற விளக்கு எல்லாம் சொல்றாங்களே?

ரெண்டும் உண்மை. ஃபைனல் ஸ்டேண்ட் டிஎல்சியோட ஹேங்கர் 21 மேப்புல ஒரு லிஃப்ட் இருக்கு, ஃபேண்டம் உடுப்பு ஆயுதம் எல்லாம் முழுசா போட்ட 4 பேர் சேந்து போனாதான் அது ரகசிய ரூமுக்குக் கூட்டிட்டுப் போகும். அந்த உடுப்பு ஒவ்வொண்ணையும் சம்பாதிக்கவே தனித்தனி அசைன்மென்ட் முடிக்கணும், அதனால அந்த லிஃப்ட்ல நிக்கிற 4 பேரும் நல்லா உழைச்சவங்கன்னு அர்த்தம்.

விளக்கு விஷயம் 2015 டிசம்பர்ல வந்த டிராகன் வேலி மேப்புல. அங்க தொங்குற விளக்கு சும்மா மினுக்கல, மோர்ஸ் கோட்ல பேசிட்டு இருந்துச்சு. மேட்ச் நடுவுல குண்டு மழையில நின்னு அதப் புள்ளி கோடுன்னு எழுதி எடுத்த ஆளுங்கள நெனச்சா இப்பவும் ஆச்சரியமா இருக்கு. பேட்டில்ஃபீல்ட் 1ல அந்தப் பழக்கம் தொடர்ந்துச்சு, ஃபோர்ட் டி வோ மேப்புல தண்ணி சொட்டுற சத்தத்துலயே மோர்ஸ் வச்சிருந்தாங்க. பேட்டில்ஃபீல்ட் மேப்புக்குப் போனா ஹெட்ஃபோன் போட்டுக்கங்க.

நியூக்டவுன் பொம்மைங்க தலைய சுட்டா என்ன ஆகும்?

எந்த கேம்ங்கிறதப் பொறுத்தது, இத எல்லாரும் குழப்பிக்கிறாங்க. கால் ஆஃப் டூட்டி பிளாக் ஆப்ஸ் 2ல வந்த "நியூக்டவுன் 2025"ங்கிற மேப்புல, மேட்ச் ஆரம்பிச்ச சீக்கிரத்துலயே மேப்புல இருக்குற எல்லா மேனிக்கின் பொம்மை தலையையும் பறக்க விட்டா, அங்க இருக்குற திரையில ரிவர் ரெய்டு, கபூம் மாதிரி ஆக்டிவிஷனோட பழைய அட்டாரி காலத்து கேம் ஆடலாம். நெஜமாவே ஆடலாம், பக்கத்துல சண்ட நடந்துக்கிட்டே இருக்கும். பிளாக் ஆப்ஸ் 3 நியூக்டவுன்ல வேற மாதிரி, பொம்மைங்க கை எல்லாத்தையும் சீக்கிரமா சுட்டு எடுத்தா அதுங்களுக்கு உயிர் வந்து, நீங்க பாக்காதப்போ நகந்து நகந்து கிட்ட வரும். தனியா கஸ்டம் மேட்ச்ல ராத்திரி பண்ணிப் பாருங்க, பயமாத்தான் இருக்கும்.

பொது லாபில பண்ணணும்னா நேரம் பத்தாது, ரெண்டு பேர் பாதி பாதி பிரிச்சுக்கறது நல்லது.

கவுண்டர்-ஸ்ட்ரைக் மேப்புல செவுத்துல வரைஞ்சிருக்குற படங்களுக்கு என்ன அர்த்தம்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. ஏன்னா இது மத்த கேம் மாதிரி சுறா, பொம்மை சமாச்சாரம் இல்ல, அந்த எடத்துல ஒரு மனுஷன் நெஜமா பண்ண விஷயத்துக்கு வச்ச நினைவுச் சின்னம்.

ஓவர்பாஸ் மேப்புல பி சைட் (பாம்ப் வைக்கிற ரெண்டு இடத்துல ஒண்ணு) பக்கம் போனா நெருப்புக்கு நடுவுல பாம்ப் டிஃப்யூஸ் பண்ற மாதிரி ஒரு கிராஃபிட்டி இருக்கும். 2014 இஎஸ்எல் ஒன் கொலோன் போட்டியில ஸ்வீடன்காரர் ஓலோஃப்மைஸ்டர் மொலடோவ் (பெட்ரோல் குண்டு) நெருப்புல எரிஞ்சுக்கிட்டே பாம்ப டிஃப்யூஸ் பண்ணி ரவுண்ட எடுத்தாரு, அதுக்குத்தான் இது. மிராஜ்ல பி சைட் பக்கம் ஏடபிள்யூபி ஸ்னைப்பர் படம் பாப்பீங்க, அது 2016 எம்எல்ஜி கொலம்பஸ்ல பிரேசில் ஆளு கோல்ட்ஸேரா குதிச்சுக்கிட்டே ஸ்னைப்பர்ல சுட்டு ஒரே மூச்சுல 4 பேர முடிச்சதுக்கு. தோக்குற மாதிரி இருந்த மேட்ச் அந்த ஒரு ரவுண்டுல திரும்புச்சு. கேஷ் மேப்புல, மேல இருந்து கீழ குதிச்சுக்கிட்டே ஸ்கோப் போடாம ஏடபிள்யூபில அடிச்ச சிம்பிள்ங்கிற வீரருக்கு ரெக்கை வச்ச படம், அது 2016 கொலோன். இன்ஃபெர்னோ பிட்ல டோஸியாங்கிற வீரர் பேருக்கு ஒரு குறிப்பு இருக்கு, அது 2017 கிராக்கோவ் மேஜர்ல அவரு வீசுன ஒரே ஒரு கிரெனேடுக்கு. பாம்ப் வெடிக்கப் போகுது, எதிராளிங்க துப்பாக்கியக் காப்பாத்திக்க ஓடி ஒளிஞ்சிருக்காங்க, பாம்ப் வெடிச்சா அவங்க தப்பிக்கிற அளவுக்குத்தான் உயிர் இருக்குன்னு கணக்குப் போட்டு, கொஞ்சம் கொறைக்கிற மாதிரி ஒரு கிரெனேட விட்டாரு, வெடிப்புல அவங்க போயிட்டாங்க. எவ்ளோ அமைதியான மூளை பாருங்க.

புதுசா ஆட வர்றவங்க இந்தப் படத்தக் கடந்து நூறு தடவ ஓடுவாங்க, தெரியாது. தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த மூலையில நிக்கிறதே வேற மாதிரி இருக்கும். கோயில் மண்டபத்துல கல்வெட்ட யாராவது படிச்சுக் காட்டுன மாதிரி.

கோழி?

கோழி ஆரம்ப காலத்துலருந்தே இட்டாலி மேப்புல இருக்கு. சிஎஸ்:கோவுல (கவுண்டர்-ஸ்ட்ரைக்கோட பின்னாடி வந்த ஒரு பதிப்பு) அதுகிட்ட போய் யூஸ் பட்டன் அமுக்குனா பின்னாடியே வரும். ரவுண்டு ஜெயிக்க உதவாது, ஆனா அத சுடாதீங்க.

அபெக்ஸ் லெஜண்ட்ஸ்ல பச்சை பொம்மை ஒண்ணு அங்கங்க உக்காந்திருக்கே, அது என்ன?

அது நெஸ்ஸி, நீளக் கழுத்து குட்டி பொம்மை. அபெக்ஸ செஞ்ச ரெஸ்பான் கம்பெனி ஆளுங்க, தங்களோட முந்தின கேம் டைட்டன்ஃபால் காலத்துலருந்தே தங்களோட மேப்புல எல்லாம் இத ஒளிச்சு வைப்பாங்க, அபெக்ஸுக்கும் கொண்டு வந்துட்டாங்க. 2019ல கிங்ஸ் கேன்யன் மேப்புல 10 நெஸ்ஸிய சரியான வரிசையில சுட்டா தூரத்துல தண்ணியில இருந்து பெரிய நெஸ்ஸி ஒண்ணு தல தூக்குச்சு. பேட்டில் ராயல்ல இது சாதாரண விஷயம் இல்ல, ரிங் சுருங்கிட்டே வரும், மேப்போட மூல மூலைக்கும் ஓடணும், நடுவுல எதிர்ப்படுற ஸ்குவாட் எல்லாம் சுடும். லூட்ட விட்டுட்டு பொம்ம பின்னாடி ஓட ஒத்துக்குற ரெண்டு டீம்மேட் கெடச்சா அவங்கள விட்டுடாதீங்க.

அடுத்த சீசன்ல என்ன வரும்னு மேப்ப வச்சே சொல்ல முடியுமாமே?

பல தடவ முடிஞ்சிருக்கு. ஓவர்வாட்ச்ல நும்பானி மேப்போட பேலோடுல (டீம் கூட்டிட்டுப் போற வண்டி) டூம்ஃபிஸ்ட்டோட இரும்புக் கைய மியூசியத்துக்குக் கொண்டு போற மாதிரி ஆரம்பத்துலருந்தே இருந்துச்சு, எல்லாரும் அத அலங்காரம்னு நெனச்சாங்க. 2017ல ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் போனா ஏர்போர்ட் செதஞ்சு கெடக்கு, கண்ணாடி ஒடஞ்சிருக்கு, கை காணோம். அந்த வருஷம் ஜூலையில டூம்ஃபிஸ்ட் ஆடக் கெடைக்குற ஹீரோவா வந்தாச்சு. ஒரு வார்த்த பேசாம ஒரு திருட்டக் கதையா சொல்லிட்டாங்க, எனக்கு இதுக்கு மேல ஒரு நல்ல உதாரணம் தோணல.

அபெக்ஸ்லயும் 2019 மார்ச்ல ஆக்டேன்ங்கிற புது கேரக்டர் வர்றதுக்கு முன்னாடியே அவனோட ஜம்ப் பேட் மட்டும் கிங்ஸ் கேன்யன்ல மார்க்கெட் பக்கம் மொளச்சுது. ஆளுங்க அதுல குதிச்சு விளையாடிட்டு இருந்தாங்க, யாரோடதுன்னே தெரியாம. பேட்ச் வந்த அன்னிக்கு மேப்ப ஒரு சுத்து சுத்திப் பாக்குற பழக்கம் இருந்தா இந்த மாதிரி விஷயம் உங்க கண்ணுலதான் முதல்ல படும்.

வார்சோன் பங்கர் 11 கதை என்ன?

2020 மார்ச்ல கால் ஆஃப் டூட்டி வார்சோன் கேமும் அதோட வெர்டான்ஸ்க் மேப்பும் வந்தப்போவே பூட்டுன பங்கர் கதவுங்க அங்கங்க இருந்துச்சு, தட்டிப் பாத்தாலும் தெறக்கல. மே கடைசில சிவப்பு கார்டு கெடச்சா தெறக்கும்னு ஆச்சு, உள்ள நல்ல லூட். ஆனா 11ம் நம்பர் மட்டும் கார்டுக்கு மசியல. அதுக்கு மேப்புல அங்கங்க இருக்குற ஃபோன எடுத்துக் கேக்கணும், ரஷ்யன்ல ஒரு குரல் நம்பர் சொல்லும், அந்த நம்பர வச்சு மத்த ஃபோன்கள வரிசையா இயக்கணும், அப்புறம்தான் கதவு. உள்ள எம்பி7 துப்பாக்கியோட புளூபிரிண்ட் (தனி வடிவம்) ஒண்ணு, அத விட முக்கியமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அணுகுண்டு. ரஷ்யன் தெரியாதவங்க எல்லாம் எண்கள் உச்சரிப்ப எழுதி வச்சுக்கிட்டு ஓடுனாங்க.

அந்த அணுகுண்டு சும்மா அலங்காரம் இல்லன்னு 2021 ஏப்ரல்ல தெரிஞ்சது, வெர்டான்ஸ்க்கையே அணுகுண்டு போட்டு முடிச்சாங்க.

கோ-ஆப் ஷூட்டர்ல நல்ல ஈஸ்டர் எக் இருக்கா?

நெறைய, என் ஓட்டு லெஃப்ட் 4 டெட் 2ல இருக்குற தோட்டத்து குள்ளப் பொம்மைக்கு, பேரு சாம்ப்ஸ்கி. 2009ல வந்த கேம். டார்க் கார்னிவல்ல சுடுற விளையாட்டுக் கடை ஒண்ணு வரும், அதுல 750 பாயிண்ட் எடுத்தா இந்தப் பொம்ம பரிசு. அத கடைசி ஹெலிகாப்டர் வரைக்கும் தூக்கிட்டுப் போனா அச்சீவ்மென்ட். பிரச்சனை என்னன்னா தூக்கிட்டு இருக்குறவங்க சுட முடியாது, அதனால 4 பேர் டீம்ல ஒருத்தர் கை கட்டுன மாதிரி, மத்த 3 பேரும் அவரக் காப்பாத்தணும், கூட்டமா ஜோம்பி வரும்போது பொம்மைய கீழ போட்டு சுட்டுட்டு மறக்காம திருப்பி எடுக்கணும். ஒரு பொம்ம மொத்த கேமையும் புதுசா மாத்திடுது, இதுல டிசைன் பண்ணவங்க புத்திசாலித்தனம் தெரியுது.

கால் ஆஃப் டூட்டி ஜோம்பீஸ்ல கினோ டெர் டோட்டன் மேப்புல 3 விண்கல் துண்டு இருக்கும், மூணையும் கண்டுபிடிச்சு தொட்டா "115" பாட்டு ஓடும். இந்த மாதிரி சின்ன விஷயத்துலருந்துதான் பெரிய பெரிய படிநிலை குவெஸ்ட் எல்லாம் அந்த சீரிஸ்ல வளந்துச்சு. இப்போ வர்றதுல சிலது எனக்கு நீளம் ஜாஸ்தி, வீடியோ பாக்காம முடிக்கவே முடியாது, மூணு கல்லு ஒரு பாட்டுங்கிற அளவுதான் அழகு.

நானா தேடணும்னா எங்க ஆரம்பிக்கிறது?

முதல்ல எதிரி இல்லாம மேப்ப பாருங்க. பெரும்பாலான கேம்ல பிரைவேட் மேட்ச் இல்லன்னா கஸ்டம் லாபி இருக்கும், பாட் (கம்ப்யூட்டர் ஆட்டுற எதிரி) இல்லாம போட்டு நேரம் அதிகமா வச்சு நடங்க. ஓடாதீங்க, நடங்க. மேப்புல பொருந்தாத ஒரு பொருள் எதுன்னு பாக்கணும், எல்லா டிவியும் அணைஞ்சிருக்க ஒண்ணு மட்டும் எரியுதா, ஒரே மாதிரி 6 பொம்மை 6 மூலையில இருக்கா, எழுத்து நம்பர் எங்கயாவது எழுதியிருக்கா. அப்புறம் எல்லாத்தையும் சுட்டுப் பாருங்க, சாதாரண பொருள்ல குண்டு பட்டா ஓட்டை விழும், சத்தம் ஒரே மாதிரி வரும், ஒளிச்சு வச்ச பொருள் ஏதோ ஒரு விதத்துல வேற மாதிரி பதில் சொல்லும், லேசா ஒரு பீப், ஒரு சின்ன வெளிச்சம். சத்தத்த கவனிங்க, மியூசிக்க அணைச்சுட்டு எஃபெக்ட் சத்தத்த ஏத்தி வச்சா தூரத்துல அடிக்கிற ஃபோன் கூட கேக்கும்.

வானத்தயும் மேப்புக்கு வெளிய தெரியிற மலை கட்டடத்தயும் மறந்துடாதீங்க, நெறைய பேர் அங்க பாக்குறதே இல்ல. ரிப்ளே வசதி இருக்குற கேம்னா ஃப்ரீ கேமரால பறந்து பாக்கலாம், இது முழுசா விதிக்கு உட்பட்டது. ஆனா தனியா தேடி எதுவும் வரலன்னா உடனே விட்டுடாதீங்க, மேல பாத்த மாதிரி சிலது 4 பேருக்கு, 10 பேருக்குத்தான் தெறக்கும்.

ரேங்க்டு மேட்ச்ல தேடலாமா?

வேண்டாம். 5 பேர் டீம்ல ஒருத்தர் பொம்ம தேடிட்டு இருந்தா மீதி 4 பேரோட நேரமும் ரேங்க்கும் போகுது.

நோகிளிப் போட்டு செவுத்துக்குள்ள போய் பாத்தா பான் ஆகுமா?

சொந்தமா போட்ட லோக்கல் சர்வர்ல கவுண்டர்-ஸ்ட்ரைக் மாதிரி கேம்ல கன்சோல்ல சீட்ஸ் ஆன் பண்ணிட்டு நோகிளிப் போடலாம், அது கேமே குடுக்குற வசதி, ஒண்ணும் ஆகாது. ஆன்லைன் மேட்ச்ல வெளி புரோகிராம் ஏதாவது போட்டு கேமராவப் பறக்க விட்டா அது சீட்தான், தேடத்தான் போட்டேன்னு சொன்னா ஆன்டி-சீட் கேக்காது, அக்கவுண்ட் போயிடும்.

மேப்புல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சிருக்கேன், அங்க நின்னா எல்லாரையும் சுடலாம், என்னை யாரும் பாக்க முடியாது. இதுவும் சீக்ரெட்தானே?

இல்ல, இதுக்கு ஒரு பெரிய சம்பவமே இருக்கு. 2014 நவம்பர் கடைசில டிரீம்ஹேக் வின்டர் கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டியில ஃபனாட்டிக் டீம் எல்டிஎல்சிக்கு எதிரா ஓவர்பாஸ் மேப்புல ஆடுனப்போ, ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் ஏறி கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்புல ஓலோஃப்மைஸ்டர் போய் நின்னாரு. அங்கருந்து மேப்போட பாதி தெரியும், அவரு நிக்கிறது எதிராளிக்கு விளங்கவே இல்ல. பெரிய அளவுல பின்தங்கியிருந்த ஃபனாட்டிக் அத வச்சு ரவுண்டா அள்ளி ஜெயிச்சாங்க. ரெண்டு டீமும் புகார் குடுக்க, மேப்ப திருப்பி ஆடணும்னு முடிவாச்சு, கடைசில ஃபனாட்டிக்கே விட்டுக் குடுத்து வெளியேறுனாங்க. கேம செஞ்ச வால்வ் கம்பெனி சீக்கிரமே அந்த விளிம்ப அடைச்சிடுச்சு. அதே ஓவர்பாஸ்ல அதே ஆளுக்கு ஒரு மூலையில மரியாதைக்கு படம் வரைஞ்சிருக்காங்க, இன்னொரு மூலைய அடைச்சிருக்காங்க, வித்தியாசம் அதுலயே இருக்கு. ஓட்டைய கண்டுபிடிச்சா டெவலப்பருக்கு ரிப்போர்ட் பண்ணுங்க.

இன்டர்நெட்ல வர்றதெல்லாம் நம்பலாமா?

பாதி பொய். இது புதுசு இல்ல, 1997ல வந்த கோல்டன்ஐ 007 காலத்துலயே ஒரு கேம் பத்திரிகை ஏப்ரல் ஃபூலுக்காக, பழைய பாண்ட் நடிகருங்க எல்லாரையும் மல்டிபிளேயர்ல எடுத்து ஆடலாம்னு படத்தோட போட்டு எல்லாரும் நம்பி ஆடித் தள்ளுனாங்க. இதுல வேடிக்கை என்னன்னா அத வைக்கணும்னு டெவலப்பருங்களுக்கே நெஜமா திட்டம் இருந்து கடைசில எடுத்துட்டாங்க. அதே கேம்ல டேம் லெவல்ல தண்ணிக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு தெரியும், போக வழியே கெடையாது, அதப் பத்தி வராத கதை இல்ல. சீட் டிவைஸ் போட்டுப் போனவங்க பாத்தது, பாதியில விட்ட ஒரு இடம், அவ்ளோதான்.

வீடியோல வெட்டு இல்லாம ஆரம்பத்துலருந்து கடைசி வரை காட்டுறாங்களா, வேற யாராவது அதே மாதிரி பண்ணிக் காட்டியிருக்காங்களா, இந்த ரெண்டும் இல்லன்னா நம்பாதீங்க.

கேம் ஃபைல தோண்டிப் பாத்தே எல்லாத்தையும் எடுத்துடுறாங்களே, அப்புறம் தேடுறதுல என்ன இருக்கு?

இந்த வருத்தம் ரொம்பப் பழசு. 1992ல வுல்ஃபென்ஸ்டைன் 3டில ஒரு பெரிய சுத்தல் பாதைக்குள்ள "அப்போஜிக்கு ஃபோன் பண்ணி ஆர்ட்வுல்ஃப்னு சொல்லு"ன்னு ஒரு போர்டு ஒளிச்சு வச்சாங்க, அப்போஜிதான் அந்த கேம வெளியிட்ட கம்பெனி. முதல்ல கண்டுபிடிக்கிறவங்களுக்குப் போட்டியா நடத்தலாம்னு எண்ணம். ஆனா கேம் வந்த கொஞ்ச நாள்லயே சீட், மேப் எடிட்டர் எல்லாம் வந்து யாரு வேணா உள்ள பாத்துடலாம்னு ஆகி போட்டியே நின்னு போச்சு.

இப்போ டெவலப்பருங்க பதில ஃபைல்ல வைக்காம சர்வர்ல வைக்கப் பாக்குறாங்க, இல்ல ஒவ்வொருத்தருக்கும் வேற வேற துண்டு குடுக்குறாங்க. டெஸ்டினி 2ல 2020 ஜனவரில காலத்தின் தாழ்வாரம்னு ஒண்ணு வந்துச்சே, ஒவ்வொரு ஆளுக்கும் கெடச்சது ஒரு சின்ன அறைப் படம்தான், ஆயிரக்கணக்கான பேர் அனுப்புனத ஒட்டி ஒட்டி ஒரு ராட்சச வரைபடம் செஞ்சு வழி கண்டுபிடிச்சாங்க. முடிவுல கெடச்ச பாஸ்டியன் துப்பாக்கி எப்படியும் வரப் போறதுதான்னு நெறைய பேருக்கு ஏமாற்றம், எனக்கு அந்த வரைபடம் செஞ்ச நாட்கள்தான் பரிசு. ஃபைல தோண்டுறவங்க மேல எனக்குக் கோவம் கெடையாது, அது ஒரு தனித் திறமை, மத்தவங்க தேடி முடிக்கிற வரைக்கும் தலைப்புலயே விடைய போடாம இருந்தா போதும்.

டெக்னிக்கலா இது எப்படி வேலை செய்யுது?

பெரும்பாலும் டிரிகர்தான். மேப் எடிட்டர்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி வரைவாங்க, அதுக்குள்ள இத்தன பேர் வந்தா இது நடக்கட்டும், இந்தப் பொருள் மேல குண்டு பட்டா எண்ணிக்கைய ஒண்ணு கூட்டு, இவ்ளோ நேரத்துக்குள்ள எண்ணிக்கை நெறையலன்னா பூஜ்ஜியம் ஆக்கு, அப்படி. அதனாலதான் நேர வரம்பு, வரிசை, ஆள் எண்ணிக்கைன்னு பெரும்பாலான ஈஸ்டர் எக் இந்த மூணுல ஏதோ ஒண்ண கேக்குது. மல்டிபிளேயர்ல இந்தக் கணக்க சர்வர் வச்சுக்கணும், இல்லன்னா எனக்கு சுறா தெரியும் உங்களுக்குத் தெரியாது.

தூரத்துல தெரியிற காட்சி வேற கதை. வால்வோட சோர்ஸ் இன்ஜின்ல (கேம் ஓடுறதுக்கு அடிப்படையான சாஃப்ட்வேர்) வானம் மலை எல்லாம் மேப்புக்கு வெளிய எங்கயோ 16ல 1 பங்கு அளவுல செஞ்ச ஒரு குட்டி மாடல், அத பெருசாக்கி நம்ம பின்னாடி காட்டுது. அதனால அங்க எத வச்சாலும் செலவு கம்மி, ஆடுறவங்க போய் இடிக்கவும் முடியாது.

மேப்ப மாத்துனா பழைய ஈஸ்டர் எக் எல்லாம் என்ன ஆகும்?

போயிடும். லைவ் சர்வீஸ் கேம்ல இதுதான் எனக்கு இருக்குற பெரிய கவலை. டூம் 2 டிஸ்க் கையில இருந்தா இன்னிக்கும் அந்தத் தலையப் பாக்கலாம், 2018ல கூட ஒருத்தர் 24 வருஷமா யாரும் நேர்மையா தொடாத ஒரு சீக்ரெட்ட அதே கேம்ல தொட்டுக் காட்டி, ரொமேரோவே வாழ்த்து சொன்னாரு. ஆனா அன்னிக்கு வெர்டான்ஸ்க்ல 11ம் பங்கருக்கு ஃபோன் எடுத்த வழிய இன்னிக்கு புதுசா ஒருத்தர் அதே மாதிரி அனுபவிக்க முடியாது. அதனால ஏதாவது பிடிச்சிருந்தா வீடியோ எடுத்து வைங்க, ஸ்க்ரீன்ஷாட் போதாது, சத்தம் முக்கியம்.

நானே மேப் செய்றேன், ஒரு ஈஸ்டர் எக் வைக்கணும். எப்படி வச்சா நல்லா இருக்கும்?

சண்ட அதிகம் நடக்குற பாதையில வைக்காதீங்க, தேடுறவங்களும் சாவாங்க, ஆடுறவங்களுக்கும் இடைஞ்சல். ஜெயிக்க உதவுற எதையும் பரிசா குடுக்காதீங்க, குடுத்தா அது ஈஸ்டர் எக் இல்ல, கட்டாய வேலை ஆயிடும், எல்லா மேட்ச்லயும் எல்லாரும் அதத்தான் பண்ணுவாங்க. ஒரு குறிப்பாவது மேப்புக்குள்ளயே இருக்கணும், வெளிய வெப்சைட்ல போய் தேடுனாதான் புரியும்னா பாதி பேர் விட்டுடுவாங்க. முடிஞ்சா ரெண்டு டீம்லயும் ஆள் இருந்தாதான் தெறக்குற மாதிரி வைங்க, இந்தப் பக்கம் ஒருத்தர் பட்டன அமுக்கணும், அந்தப் பக்கம் ஒருத்தர் அதே நேரம் அமுக்கணும். சோதிக்கும்போது ரெண்டு பக்கமும் உங்க ஃபிரெண்ட்ஸையே போடாதீங்க, முன்ன பின்ன தெரியாதவங்கள ஒரு சர்வர்ல விட்டு, அவங்க சாட்ல என்ன பேசிக்கிறாங்கன்னு பாருங்க.